ரினியூவல் மெயில் யாருக்குப் போனது? மேல்விஷாரம் தோல் கம்பெனி ஒன்றின் டொமைன் சிக்கல்

மேல்விஷாரத்துக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையில் இயங்கும் நடுத்தர அளவு ஷூ அப்பர் கம்பெனி அது. தோலை வெட்டி, தைத்து, ஷூவின் மேல்பாகத்தை மட்டும் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அடிப்பாகம் ஒட்டுவது அங்கே. வெப்சைட் ஒன்று உண்டு. ஐந்து பக்கம், எந்தக் காலத்திலோ எடுத்த படங்கள். "அத யாரு தம்பி பாக்குறா" என்று முதலாளியே சொல்வார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அதே டொமைனில்தான், அதாவது அந்த இணைய முகவரிப் பெயரில்தான், கம்பெனியின் மெயில் ஓடுகிறது. ஆர்டர், சாம்பிள் அப்ரூவல், தோல் பரிசோதனை ரிப்போர்ட், பேங்க் எல்.சி. (பணம் தர பேங்க் கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்) வரைவு, சென்னை ஹார்பரில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் அனுப்பும் ஷிப்பிங் பில் என எல்லாம் அதன் வழியாகத்தான் வரும்.

கம்பெனியின் பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். ஃப்ரீலான்ஸாக வெப்சைட் செய்து கொடுக்கும் யாருக்கும் இந்த நிலைமை பழக்கப்பட்டதாகத்தான் இருக்கும்.

என்ன நடந்தது

பக்ரீத் விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்தபோது இன்பாக்ஸில் புது மெயில் எதுவும் இல்லை. பண்டிகை நேரம், அவர்களும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம் நெட் பிரச்சினை என்று ரௌட்டரை அணைத்துப் போட்டார்கள். கடைசியில் ஜெர்மனி பையர் முதலாளியின் வாட்ஸப்புக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அவர் அனுப்பிய மெயில்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. "கம்பெனி நடக்கிறதா, இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

முதலாளி பாய் எனக்கு போன் செய்தது அதற்கப்புறம்தான். "தம்பி, மெயில் வரல, ஜெர்மனிக்காரன் கத்துறான், ஹோஸ்டிங் ஏதோ போயிருச்சுன்னு அக்கவுண்டன்ட் சொல்றாரு. வந்து பாருங்க."

ஹோஸ்டிங் போகவில்லை. வெப்சைட் முகவரியை பிரவுசரில் போட்டதுமே தெரிந்துவிட்டது: விளம்பர லிங்குகள் நிறைந்த ஒரு பார்க்கிங் பக்கம். ஹோஸ்டிங் சர்வரின் ஐ.பி. எண்ணை நேராகப் போட்டு அதன் நிர்வாகப் பக்கமான சிபேனலுக்குள் போனால் பழைய ஃபைல், பழைய மெயில் பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன. சர்வர் உயிரோடு இருக்கிறது, அதற்குப் போகும் வழியை மட்டும் யாரோ மாற்றிவிட்டார்கள். டொமைன் காலாவதியாகிவிட்டது என்று அர்த்தம்.

கிளையன்ட்டுகளுக்கு "வெப்சைட்" என்பது ஒரே பொருள், ஒரே பில். உண்மையில் அதில் நான்கு பொருள் இருக்கிறது. டொமைன் பெயர், அந்தப் பெயரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று சொல்லும் டி.என்.எஸ், ஃபைல் இருக்கும் ஹோஸ்டிங், மெயில். நான்கையும் ஒரே ஆளிடம் ஒரே கணக்கில் வைத்தால் ஒன்று விழும்போது மற்ற மூன்றும் கூடவே விழும். இங்கே விழுந்தது அந்த நான்கில் மலிவானவற்றில் ஒன்றான டொமைன்.

அடுத்த வருஷத் தேதி

அக்கவுண்டன்ட் விவரம் தெரிந்தவர். டொமைன் காலாவதியாகியிருக்குமோ என்று அவருக்கும் சந்தேகம் வந்து, டொமைன் பதிவு விவரம் காட்டும் பொது ஹூஇஸ் தளம் ஒன்றில் தேடிப் பார்த்திருக்கிறார். காலாவதித் தேதி அடுத்த வருஷம் என்று காட்டியது. "இன்னும் ஒரு வருஷம் இருக்கே" என்று ஹோஸ்டிங்மேல் பழி போட்டுவிட்டார்.

இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். .காம் டொமைன்களின் மூலப் பதிவேட்டை நடத்துவது வெரிசைன். காலாவதி நாள் வந்ததும் அந்தப் பதிவேடு டொமைனைத் தானாகவே ஒரு வருஷம் நீட்டி எழுதிவிடும். பணம் வராவிட்டால் டொமைனை நமக்கு விற்கும் கம்பெனியான ரெஜிஸ்ட்ரார் 45 நாளுக்குள் அதை நீக்கி, வெரிசைனிடம் கட்டிய தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த இடைக்காலத்தில் மூலப் பதிவேட்டைப் பார்த்தால் அடுத்த வருஷத் தேதிதான் தெரியும். பார்க்க வேண்டியது தேதியை விட ஸ்டேட்டஸ் வரி. அங்கே 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்று இருந்தது. மூச்சு வந்தது. ஏனென்றால் அது 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று மாறியிருந்தால் மீட்க 30 நாள் கிடைக்கும், ஆனால் சாதாரண ரினியூவல் தொகையைப் போலப் பல மடங்கு தண்டம் கட்ட வேண்டும். அதையும் தாண்டினால் 'பெண்டிங் டிலீட்'. ஐந்து நாள் யாரும் எதுவும் செய்ய முடியாது. பிறகு டொமைன் சந்தைக்கு வந்துவிடும், முதலில் கை வைப்பவருக்குச் சொந்தம்.

பூட்டும் சாவியும் ஒரே பெட்டியில்

சரி, பணத்தைக் கட்டிவிடலாம் என்றால் எந்தக் கணக்கில் நுழைந்து கட்டுவது? டொமைன் யார் பேரில் இருக்கிறது? 2018 மே மாதம் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பொதுவில் தெரியும் பதிவுகளில் பெயரும் மெயிலும் மறைக்கப்படுகின்றன. கம்பெனி ஃபைலில் தேடினால் ஒரே ஒரு வவுச்சர் கிடைத்தது. "வெப்சைட் செலவு" என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்துக்காரர் அப்போது காட்பாடிப் பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே பாக்கெட் மணிக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர். இப்போது வெளிநாட்டில் வேலை. ஊரிலிருந்த அவருடைய கிளாஸ்மேட் மூலமாக நம்பர் கிடைத்தது. நல்ல மனுஷன், உடனே பேசினார். ஏமாற்ற வேண்டும் என்று எதையும் செய்யவில்லை. அன்றைக்கு எது சுலபமோ அதைச் செய்திருக்கிறார்: ரெஜிஸ்ட்ராரில் தன் பெயரில் கணக்கு, தன் டெபிட் கார்டு, ஆட்டோ ரினியூவல் ஆன். தொடர்பு மெயிலாக மட்டும், கிளையன்ட்டுக்கு அறிவிப்பு போகட்டும் என்ற நல்லெண்ணத்தில், கம்பெனியின் இன்ஃபோ மெயிலைக் கொடுத்துவிட்டார். அந்த இன்ஃபோ மெயில் இருப்பது அதே டொமைனில்.

டொமைன் காலாவதியானால் ரெஜிஸ்ட்ரார் அந்தப் பெயருக்கு வழி சொல்லும் நேம் சர்வரை மாற்றிப் பார்க்கிங் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார். அந்த நிமிஷமே அந்த டொமைனின் மெயிலும் நின்றுவிடும். பாஸ்வேர்டு பழைய டெவலப்பருக்கு நினைவிருந்தது. ஆனால் புது நாடு, புது மெஷின் என்பதால் லாகின் செய்யும்போது ஒரு சரிபார்ப்பு எண் கேட்டது. அந்த எண் போனது இன்ஃபோ மெயிலுக்கு. மெயில் வர டொமைன் வேண்டும், டொமைனைப் புதுப்பிக்க மெயில் வர வேண்டும்.

இதற்கு முன்னாலேயே எச்சரிக்கை வந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். வந்திருக்கிறது. டொமைன் பெயர்களை உலக அளவில் நெறிப்படுத்தும் ஐகான் அமைப்பின் விதிப்படி காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, காலாவதிக்குப் பின் ஐந்து நாளுக்குள் ஒன்று என்று ரெஜிஸ்ட்ரார் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். முதல் இரண்டும் இன்ஃபோ பெட்டிக்கு ஒழுங்காக வந்து, ட்ராஷ் ஃபோல்டரில் கிடந்தன. அழித்தது அக்கவுண்டன்ட். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சில வருஷம் முன்பு "உங்கள் டொமைன் பதிவு முடிகிறது, உடனே கட்டவும்" என்று ஒரு மெயில் வந்து, அவர் பணமும் கட்டிவிட்டார். அது சர்ச் எஞ்சின் லிஸ்டிங் என்ற பெயரில் டாலரில் கறக்கும் போலி நோட்டீஸ். முதலாளியிடம் வாங்கிய திட்டு அவருக்கு மறக்கவில்லை. அதிலிருந்து அந்த மாதிரி எது வந்தாலும் டிலீட். உண்மையான ரெஜிஸ்ட்ராரின் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை என்றால், எது உண்மை எது போலி என்று எப்படிப் பிரிப்பார்?

ஆட்டோ ரினியூவல் ஏன் கைகொடுக்கவில்லை? 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் பேங்கின் இ-மேண்டேட் விதி கட்டாயமானது. கார்டிலிருந்து திரும்பத் திரும்பப் பிடிக்கும் பணத்துக்கு முதலில் ஓ.டி.பி.யோடு மேண்டேட் (முன் அனுமதி) பதிவு வேண்டும், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் முன்கூட்டியே அறிவிப்பு வர வேண்டும். அந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு வணிகர்கள் இந்திய கார்டில் தானாகப் பணம் எடுக்கப் பார்த்தால் பேங்கிலேயே நின்றுவிடும். அதற்கு முந்தைய ரினியூவலில் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியிருந்ததால் இந்தச் சிக்கல் வெளியே தெரியவே இல்லை. ரெஜிஸ்ட்ராரின் திரையில் இன்றைக்கும் 'ஆட்டோ ரினியூவல்: ஆன்' என்று பச்சையாகத்தான் காட்டும். இந்திய கார்டை வைத்துக்கொண்டு அந்தப் பச்சையை நம்பாதீர்கள்.

"புது டொமைன் வாங்கிடலாமா?"

ரெஜிஸ்ட்ராரின் சப்போர்ட்டோடு பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்தபோது பாய் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. முடிவில் ஒரு எழுத்தைக் கூட்டிப் புதிதாக வாங்கினால் அன்றைக்கே மெயில் ஓடும்.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் விசிட்டிங் கார்டோ கார்ட்டன் ஸ்டிக்கரோ இல்லை. பழைய பெயர் சந்தைக்குப் போய் வேறு யாராவது வாங்கினால், அவர்கள் ஒரு மெயில் பெட்டி திறந்து, வருவதை எல்லாம் பிடிக்கலாம். பையர் அனுப்பும் மெயில், பேங்க் அனுப்பும் மெயில், எங்கெங்கோ இந்த மெயிலை வைத்துத் திறந்த கணக்குகளின் பாஸ்வேர்டு ரீசெட், எல்லாம் அங்கே போகும். ஏற்றுமதிக்கு வேண்டிய பதிவு எண்ணான ஐ.இ. கோடு கணக்கில் பதிந்திருந்ததும் இந்த மெயில்தான். அதைவிடப் பெரிய பயம், அதே முகவரியிலிருந்து பையருக்கு "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் அனுப்பவும்" என்று ஒரு மெயில் போவது. ஏற்றுமதிக்காரர்களைக் குறிவைக்கும் மோசடி வழக்கமாக இப்படித்தான் நடக்கிறது. போலி முகவரியாக இருந்தால் ஒரு எழுத்து வித்தியாசத்தில் பிடிபட்டுவிடும். டொமைனே அவர்கள் கையில் இருந்தால் பையரால் என்ன கண்டுபிடிக்க முடியும்?

பாய்க்கு இதை விளக்க எனக்கு உதவியது நிலம்தான். சாவி வேறு, பட்டா வேறு. பட்டா உங்கள் பேரில் இல்லாத மனையில் ஷெட் கட்டி இத்தனை வருஷம் மெஷின் ஓட்டியிருக்கிறீர்கள் என்றேன். அதற்கப்புறம் அவர் புது டொமைன் பேச்சை எடுக்கவில்லை.

மீட்டது

ரெஜிஸ்ட்ரார் பழைய டெவலப்பரின் அடையாள ஆவணம் கேட்டார். கணக்கு அவர் பேரில்தானே இருக்கிறது. அவர் அனுப்பினார். பெயரையும் பழைய பில்லிங் விவரத்தையும் சரிபார்த்து, கணக்கின் மெயிலை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த மனிதர் போன் எடுக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தால் பயமாகத்தான் இருக்கிறது. 1999-ல் வந்த யு.டி.ஆர்.பி. என்ற ஐகான் தகராறு வழி ஒன்று உண்டு. ஆனால் அதற்கு டிரேட்மார்க் உரிமையும், எதிராளி கெட்ட நோக்கத்தோடு பதிந்தார் என்ற நிரூபணமும் வேண்டும். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவில் ஒரு நடுவரை வைத்து வழக்கு போடவே 1,500 டாலர் கட்டணம். கிளையன்ட் கேட்டு, கிளையன்ட் பணத்தில் பதிந்து கொடுத்த பையனிடம் கெட்ட நோக்கத்தை எங்கே போய் நிரூபிப்பது?

பணம் கட்டியதும் நேம் சர்வர் பழையபடி திரும்பியது. ஆனால் எல்லா இடத்திலும் உடனே தெரியாது. .காம் பதிவேட்டில் நேம் சர்வர் விவரத்துக்கு வைத்திருக்கும் டி.டி.எல். (மற்ற சர்வர்கள் ஒரு விவரத்தை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். எங்கள் மொபைலில் சைட் திறந்தது, ஆபீஸில் திறக்கவில்லை, ஜெர்மனியில் அதற்கும் பின்னால். அந்த இரண்டு நாளில் கிளையன்ட் அடிக்கும் போனுக்குப் பதில் சொல்வதுதான் பெரிய வேலை.

மெயிலில் ஒரு சின்ன அதிர்ஷ்டம் இருந்தது. ஒரு டொமைனுக்கு எம்.எக்ஸ். ரெக்கார்டு (மெயிலை எங்கே கொடுப்பது என்று சொல்லும் டி.என்.எஸ். வரி) இல்லையென்றால் அனுப்பும் சர்வர், வெப்சைட் சர்வரைக் காட்டும் ஏ ரெக்கார்டின் முகவரியிலேயே மெயிலைக் கொடுக்கப் பார்க்கும். அங்கே இருந்தது பார்க்கிங் சர்வர். மெயில் வாங்க யாரும் இல்லை. இணைப்பு கிடைக்காதபோது அனுப்பும் சர்வர் உடனே கைவிடாது. வரிசையில் வைத்து வழக்கமாக நான்கைந்து நாள் வரை முயன்று பார்க்கும். அதனால் கடைசி சில நாள் மெயில்கள் மட்டும் டொமைன் திரும்பிய ராத்திரி ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அதில் ஒரு சாம்பிள் அப்ரூவலும் இருந்தது. அதற்கு முந்தையவை அனுப்பியவருக்கே பவுன்ஸ் ஆகிவிட்டன. அவற்றை ஒவ்வொரு பையரிடமும் கேட்டுத் திரும்ப வாங்கினார்கள்.

பெயர் மாற்றம்

அடுத்தது டொமைனைக் கம்பெனி பேருக்குக் கொண்டுவருவது. இங்கே அவசரப்பட்டால் பணம் போகும். காலாவதிக்குப் பின் புதுப்பித்த டொமைனை அந்த 45 நாளுக்குள் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றினால், கட்டிய வருஷம் கைக்கு வராமல் போக வாய்ப்பு உண்டு. உரிமையாளர் விவரத்தை மாற்றினாலும் வழக்கமாக 60 நாள் ரெஜிஸ்ட்ரார் மாற்றத்துக்குப் பூட்டு விழும். ஆகவே ரெஜிஸ்ட்ராரை மாற்றும் எண்ணத்தையே தள்ளிவைத்தோம். அதே ரெஜிஸ்ட்ராரில் கம்பெனி பேரில் புதுக் கணக்கு திறந்து, டொமைனை அதற்குள் நகர்த்தினோம். பழையவர், புதியவர் இருவருக்கும் ஒப்புதல் மெயில் போனது, இருவரும் அழுத்தினார்கள், முடிந்தது.

புதுக் கணக்கின் லாகின் மெயில் இந்த டொமைனில் இல்லை. கம்பெனிக்காகவே ஒரு தனி ஜிமெயில். மீட்பு நம்பர் முதலாளியுடையது, இரண்டாவது நம்பர் அவர் மகனுடையது. எனக்கு டி.என்.எஸ். மாற்றும் அளவுக்கு மட்டும் தனி அனுமதி. நாளைக்கு என்னை நிறுத்திவிட்டால் ஒரு கிளிக்கில் நீக்கிவிடலாம்.

ஆடிட்டர் முதலில் முணுமுணுத்தார். "எல்லாத்தையும் நீங்களே பில் பண்ணிடுங்க சார், எங்களுக்கு ஒரே என்ட்ரி." நான் சொன்ன பதில் அவருடைய துறையிலிருந்தே: கம்பெனி பேரில், கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பரோடு பில் வந்தால் 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். என் வருஷ வரவு 20 லட்சத்தைத் தொடாது, நான் ஜி.எஸ்.டி.யில் இல்லை, என் பேரில் வாங்கினால் அந்த வரி அங்கேயே போச்சு. அதற்கப்புறம் அவரே ரெஜிஸ்ட்ரார் பில்லைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார். உரிமை பற்றி நான் பேசிய நீளப் பேச்சை விட இந்த ஒரு வரி வேலை செய்தது.

மெயிலை ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்து ஜோஹோ மெயிலுக்கு மாற்றினோம். மாற்றும் முந்தைய நாளே எம்.எக்ஸ். ரெக்கார்டின் டி.டி.எல்.லை 300 விநாடிக்குக் குறைத்துவிட்டதால் மாற்றம் யாருக்கும் தெரியவில்லை. எந்த சர்வர்கள் நம் பேரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பழைய எஸ்.பி.எஃப். வரியை எடுக்காமல் புது வரியைச் சேர்ப்பது எல்லாரும் செய்வது. ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்.பி.எஃப். இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்தோம். வெப்சைட் அதே பழைய ஹோஸ்டிங்கிலேயே இருக்கிறது. ஐந்து பக்கத்துக்கு அது போதும்.

கூலியும் கமிஷனும்

ஃப்ரீலான்ஸர்கள் பலர் டொமைனையும் ஹோஸ்டிங்கையும் தங்கள் ரீசெல்லர் (வாங்கி மறுவிற்பனை செய்யும்) கணக்கில் வைத்து, வருஷம் சில நூறு ரூபாய் லாபம் பார்க்கிறோம். .காம் டொமைனுக்கு வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. அதற்குமேல் ரெஜிஸ்ட்ரார் லாபம், வரி எல்லாம் போக நமக்கு மிஞ்சுவது டீ காசு. அதற்காகக் கிளையன்ட்டின் பேங்க் மெயில் வரை நாம் பொறுப்பேற்கிறோம். கிளையன்ட் பணம் தராவிட்டால் கையிலிருந்து கட்டி, பிறகு கடன்காரன் மாதிரி நடக்கிறோம். ஹோஸ்டிங்கை ரீசேல் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேக்கப் எடுத்து வேறு இடத்துக்கு அரை நாளில் நகர்த்திவிடலாம். டொமைனை நகர்த்த உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அதனால் அது கிளையன்ட்டிடமே இருக்கட்டும்.

வேலூரில் சி.எம்.சி.க்கு எதிர்ப்புறச் சந்துகளில் லாட்ஜ் நடத்தும் ஒருவர் கொல்கத்தாவிலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு வெப்சைட் வழியே ரூம் புக்கிங் எடுக்கிறார். அவருக்கும் அவருடைய டெவலப்பருக்கும் பாக்கித் தகராறு வந்து, டெவலப்பர் டொமைனைப் பிடித்து வைத்துக்கொண்டார். பாக்கி உண்மைதான், டெவலப்பரின் கோபமும் நியாயம்தான். ஆனால் ரயிலேறுவதற்கு முன் ரூம் இருக்கிறதா என்று பார்க்கும் குடும்பம் அந்தத் தகராறில் சம்பந்தப்படாத ஆள். வேலையை நிறுத்தலாம், புதுப் பக்கத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம், வக்கீல் நோட்டீஸும் விடலாம். டொமைனில் கை வைத்ததும் பேச்சு திசை மாறிவிட்டது. லாட்ஜ்காரர் பாக்கியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டு, ஏமாற்றிவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அந்த டெவலப்பருக்கு இன்றுவரை பணம் வரவில்லை.

தோல் கம்பெனியில் என் பில் இப்போது ஒரே வரி: வருஷாந்திரக் கவனிப்புக் கட்டணம். அதற்குள் ரினியூவல் தேதி நினைவூட்டுவது, சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழான எஸ்.எஸ்.எல். தானாகப் புதுப்பிக்கிறதா என்று பார்ப்பது, மாதம் ஒரு பேக்கப் எடுப்பது அடங்கும். ரினியூவல் பணத்தை அக்கவுண்டன்டே கார்டில் ஓ.டி.பி. போட்டுக் கட்டுகிறார். எந்த ரெஜிஸ்ட்ராரின் பெயரில் மெயில் வந்தால் உண்மை என்று அவர் டேபிள் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கிறது.

டொமைனை ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்குப் பதியலாம் என்று கேட்டதும் பாய் பத்துக்கும் கட்டிவிடலாம் என்றார். நான் தடுத்தேன். வருஷா வருஷம் கட்டினால்தான் லாகின் இருக்கிறதா, நம்பர் மாறியிருக்கிறதா என்று யாராவது பார்ப்பார்கள். பல வருஷத்துக்குக் கட்டிப் போட்டதால்தான் இந்த முறை கார்டு சிக்கல் தெரியாமலே போனது. அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் ஐந்து வருஷத்துக்குக் கட்டிவிட்டார். லாகினைத் திறந்து பார்க்கும் வேலை மட்டும் ஆடிட்டரின் காலண்டரில் ஒவ்வொரு ஏப்ரலிலும் இருக்கிறது.